வாய்மொழிச் சட்டத்தைக் காப்பாற்றியவர்: யார் இந்த யூதா ஹநாசி?

ஓய்வுநாளில் வேலை செய்யக் கூடாது. யூதர்களின் வேதமான தோரா இதைத் தெளிவாகச் சொல்கிறது. சரி, எதெல்லாம் வேலை? முடிச்சுப் போடுவது வேலையா? ரெண்டு எழுத்து எழுதினால்? அப்படியொரு முழுப் பட்டியல் தோராவில் கிடையாது. 39 வகை வேலைகள் என்ற கணக்கு வாய்மொழி மரபில் இருந்து வந்தது. அந்த மரபு அறுந்துபோக இருந்த நேரத்தில் அதைத் தொகுத்தவர்தான் ரபி யூதா ஹநாசி.

வாய்ச்சொல்லை ஏன் நம்ப வேண்டும்?

சினாய் மலையில் எழுதப்பட்ட சட்டத்தோடு அதன் விளக்கமும் மோசேக்குக் கிடைத்தது என்பது யூத மரபின் நம்பிக்கை. அவரிடமிருந்து யோசுவா, மூப்பர்கள், தீர்க்கதரிசிகள் என அது கைமாறி வந்தது. ஆசிரியர், மாணவர் என்ற இந்தச் சங்கிலிதான் அதன் அதிகாரத்துக்கு அடிப்படை.

எல்லாரும் இதை ஏற்கவில்லை. பழங்காலத்தில் சதுசேயரும், பின்னாளில் காரைட் பிரிவினரும் எழுதப்பட்டது மட்டும் போதும் என்றார்கள். யூதாவின் மூதாதையான ஹில்லேலிடமும் ஒருவர் அப்படித்தான் வந்தாராம். ஹில்லேல் முதல் நாள் எழுத்துகளை வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார். மறுநாள் தலைகீழாக மாற்றிச் சொன்னார். வந்தவர் குழம்பிப்போனார். எது எந்த எழுத்து என்பதற்கே ஆசிரியரின் வாய்ச்சொல்லை நம்பித்தான் ஆக வேண்டும் என்று ஹில்லேல் அவருக்குப் புரியவைத்தார்.

சங்கிலி அறுந்தால்?

கி.பி. 70-ல் ஜெருசலேம் ஆலயத்தை ரோமானியர்கள் அழித்தார்கள். 132 முதல் 135 வரை நடந்த கிளர்ச்சியும் நசுக்கப்பட்டது. அகிவா போன்ற பெரிய ஆசிரியர்கள் கொல்லப்பட்டார்கள். ஏறக்குறைய அந்தச் சமயத்தில் பிறந்தவர் யூதா. 'நாசி' என்றால் தலைவர். அப்பாவுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு இவருக்கு வந்தது. கலிலேயாவில் வாழ்ந்தார். பெரும் செல்வந்தர். ரோம ஆட்சியாளர்களோடும் நல்ல உறவு வைத்திருந்தார்.

சட்டம் முழுக்க மனிதர்களின் நினைவில் இருந்தது. ஒரு ஆசிரியர் இறந்தால் அவரோடு ஒரு பகுதியும் போய்விடும். ஆனால், வாய்மொழியை எழுத்தில் கொடுக்கக் கூடாது என்பதும் மரபு. இந்த இக்கட்டில்தான், கி.பி. 200 வாக்கில், மிஷ்னா உருவானது. விவசாயம், பண்டிகை, திருமணம், இழப்பீடு, ஆலயப் பலி, தூய்மை என 6 பிரிவுகள், 63 உட்பிரிவுகள். யூதா அதை எழுதியே வைத்தாரா, மனப்பாடத்துக்கு ஏற்ற வடிவில் கற்பித்தாரா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் பிரிந்து நிற்கிறார்கள்.

தோற்ற கருத்துக்கும் இடம்

மிஷ்னா வெறும் தீர்ப்புகளின் பட்டியல் இல்லை. ஹில்லேல் வழியினர் என்ன சொன்னார்கள், ஷம்மாய் வழியினர் ஏன் மறுத்தார்கள் என்று சண்டையையும் சேர்த்தே பதிவு செய்கிறது. சிறுபான்மைக் கருத்தை எதற்கு வைக்க வேண்டும்? பின்னாளில் ஒரு நீதிமன்றம் அதையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு என்று மிஷ்னாவே காரணம் சொல்கிறது. சங்கிலியைக் காப்பாற்றியவர், அதைத் தன்னோடு முடித்துவிடவில்லை.

யூதா வீட்டுப் பணிப்பெண் பற்றி தல்முத் ஒரு கதை சொல்கிறது. ஏசாயா நூலில் வரும் ஒரு சொல்லுக்கு அறிஞர்களுக்கே அர்த்தம் தெரியவில்லை. அந்தப் பெண் இன்னொருத்தியிடம் துடைப்பத்தை எடுத்து வீட்டைப் பெருக்கச் சொன்னபோது, அதே சொல் அவர் வாயில் வந்தது. வேதத்தில் எழுதியிருந்ததற்கு அர்த்தம் ஒரு வீட்டு வேலைப் பேச்சில் இருந்து கிடைத்தது.

யூதா 3-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட பெய்ட் ஷெஆரிம் 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. மிஷ்னாவை விவாதித்தே இரண்டு தல்முத்கள் வளர்ந்தன. இன்று அது போனிலேயே கிடைக்கிறது. ஆனாலும் யூதப் பாடசாலைகளில் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, சத்தமாக வாசித்து, வாதாடித்தான் படிக்கிறார்கள்.