முடி காணாத தச்சன்

ஒரு மாளிகையைக் கண்டு வியப்போர் பலர். அதனைச் சமைத்தவனை நினைப்போர் மிகச் சிலர். எடின்பரோ நகரின் பிரின்சஸ் வீதியோரம் இருநூறு அடி உயர்ந்து நிற்கும் வால்ட்டர் ஸ்கொட் நினைவுச் சின்னத்தைப் படங்களிற் பன்முறை பார்த்த நானும், அந்த நாவலாசிரியரை எண்ணினேனேயன்றி, கட்டியவர் யாரென நெடுநாள் வினவவில்லை. ஜோர்ஜ் மெய்க்கில் கெம்பின் வரலாற்றை அறிந்த பின்னரோ, அப்படத்தைக் காணுந்தோறும் என் நெஞ்சு கனக்கின்றது.

1795ஆம் ஆண்டில், ஸ்கொத்லாந்தின் மலைப்புறத்தில் வாழ்ந்த ஆட்டிடையர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் கெம்ப். சிறுவனாயிருந்தபோதே றொஸ்லின் தேவாலயத்தின் கற்செதுக்கு வேலைப்பாடுகளைக் கண்டு தம்மை மறந்தார். பதினான்காவது வயதில் பீபிள்ஸ் நகருக்கு அண்மையில் ஒரு தச்சுப் பட்டறையிலே தொழில் பழகப் புகுந்தார். கட்டடக்கலையை முறையாகக் கற்பிக்கும் ஆசான் அவருக்கு வாய்க்கவில்லை. பழைய தேவாலயங்களே அவருக்குப் பள்ளியாயின. ஸ்கொத்லாந்து, இங்கிலாந்து, பிரான்சு ஆகிய நாடுகளிற் பெரும்பாலும் கால்நடையாகவே திரிந்து, தச்சு வேலையால் வயிறு வளர்த்து, கொதிக் கலைக் கோயில்களை அளந்தும் வரைந்தும் அறிவு பெற்றார்.

1832இல் ஸ்கொட் மறைந்தார். 1836இல் அவரது நினைவுச் சின்னத்துக்கான வரைபடப் போட்டி நிகழ்ந்தது. மெல்றோஸ் மடாலயத்தோடு தொடர்புடைய பழஞ் சிற்பி ஜோன் மோர்வோவின் பெயரைப் புனைந்துகொண்டு, கெம்பும் தம் வரைபடத்தை அனுப்பினார். பரிசு பெற்ற மூன்றினுள் அதுவும் ஒன்றாயிற்று. எனினும் குழுவினருக்கு மனநிறைவு உண்டாகவில்லை. மீண்டும் நடந்த தேர்வில், 1838இல், அவர் திருத்தியமைத்த வடிவமே ஏற்கப்பட்டது. பெயரும் பட்டமும் இல்லாத ஒரு தச்சனிடம் இத்துணைப் பெரும் பணியை ஒப்படைக்கலாமா என்று ஐயுற்றோரும் இருந்தனர். ஆனால், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வில்லியம் பேர்ன் அந்த வடிவத்தைப் போற்றி ஆதரித்தார். 1840 ஆகஸ்ட் 15இல் அடிக்கல் நாட்டப்பெற்றது.

கோபுரம் ஆண்டுதோறும் உயர்ந்தது. வேலை நிறைவை நெருங்கிய காலத்தில், 1844 மார்ச் 6ஆம் நாள் இரவு, வீடு நோக்கி நடந்த கெம்ப், யூனியன் கால்வாயில் வீழ்ந்து மாண்டார். நாட்கள் சில கழிந்த பின்னரே உடல் கிடைத்தது. அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

அதே ஆண்டில், கோபுரத்தின் உச்சிக் கல்லை அவருடைய இளம் மைந்தன் வைத்தான். தந்தை வாழ்நாளெல்லாம் கனவு கண்ட முடியை மகன் கையாற் சூட்டிய அந்தக் கணத்தை நினைக்கையில் எனக்குச் சொல் எழுவதில்லை. 1846இல் திறப்பு விழா நடந்தேறியது. கோபுரத்தின் கீழே பளிங்கு வடிவில் அமர்ந்திருப்பவர் ஸ்கொட். ஆனால், அவரைத் தாங்கி நிழல் செய்யும் ஒவ்வொரு கல்லும் கெம்பை நினைவூட்டுகின்றது. ஆதலின், அதனை ஒருவருக்கன்று, இருவருக்கு எழுந்த சின்னமென்றே நான் கருதுகின்றேன்.