பொன் விலங்கை உடைத்த கிழவர்

கொரேகியோ தகாகாஷி! வாயில் நுழைய மறுக்கும் பெயர்தான். எனினும், வயிறு காய்ந்த நாட்டிற்கு வழி கண்டவர் பெயராயிற்றே, நாம் மறப்பதற்கில்லை.

1854-ல் எடோ நகரிலே பிறந்தார். ஓவியர் ஒருவருக்கு மணவினைக்கு வெளியே பிறந்த பிள்ளை. கடைநிலைப் போர்வீரர் வீட்டில் தத்துப்பிள்ளை. 1867-ல் படிப்பதற்கென்று அமெரிக்கா சென்றார். படித்ததா? புரியாமல் கையெழுத்திட்ட தாள், சிறுவனைக் கொத்தடிமையாக்கிற்று! மீண்டார். பெரு நாட்டு வெள்ளிச் சுரங்கத்தை நம்பிப் பொருளிழந்தார். பிறகு வங்கி, அமைச்சு, 1921-ல் பிரதமர் பீடம்.

உலகையே மந்தம் கவ்வியிருந்த 1930 சனவரியில், ஜப்பான் யென்னைத் தங்கத்தோடு பிணைத்தது. பட்டு விலை சரிந்தது. உழவர் குடிசையிலே பெண்மக்கள் விற்கப்பட்டனர். 1931 டிசம்பரில் 77 வயதுத் தகாகாஷி மீண்டும் நிதியமைச்சரானார். உடனே தங்கப் பிணைப்பை அறுத்தார். அரசின் கடன் பத்திரங்களை ஜப்பான் வங்கியே வாங்க, அந்தப் பணத்தால் சிற்றூர்களிலே வேலை பிறந்தது. யென் மதிப்பு இறங்கவே, துணி ஏற்றுமதி பெருகிற்று.

பிரிட்டன் 1931 செப்டம்பரிலேயே தங்கத்தை விட்டது, எழுந்தது. அமெரிக்கா 1933 வரை விடவில்லை. அங்கே நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. பிரான்சோ 1936 வரை பிடிவாதம். அதுவரை வாட்டமும் விடவில்லை.

தகாகாஷி தந்த பணத்திலே படையும் கொழுத்தது. அதை நாம் மறைக்கவில்லை. தொழில் நிமிர்ந்ததும், போதும் என்று படைச் செலவுக்கு அணை போட்டார். 1936 பிப்ரவரி 26, பனி மூடிய விடியற்காலை, இளம் படை அதிகாரிகள் வீடு புகுந்து, படுக்கையறையிலேயே 81 வயதுக் கிழவரைச் சுட்டனர், வெட்டினர். பின்னர் வந்த நிதியமைச்சர், படைக்குக் கருவூலத்தைத் திறந்துவிட்டார்.