ஃபெடெரிக்கோ மௌரா: ஆட்டப் பாட்டுக்குப் பின்னால் ஓர் அண்ணன்

கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போட்டதும் பிள்ளைகள் ஆட எழும்புவார்கள். காணாமற்போன ஒருவரின் முகம் நினைவுக்கு வர, நாம் கதிரையிலேயே இருந்துவிடுவோம். ஆடினால் அவரை மறந்ததாகிவிடுமோ என்ற பயம் எங்கள் வீடுகளில் உண்டு. ஆர்ஜென்டினாவின் றொக் பாடகர் ஃபெடெரிக்கோ மௌராவின் கதையை அதனால்தான் இங்கே சொல்கிறோம்.

1951இல் லா பிளாட்டா நகரில் பிறந்தவர் அவர். 1976இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அவருடைய அண்ணன் ஹோர்ஹேயைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்றுவரை அவர் திரும்பவில்லை.

பின்னர் ஃபெடெரிக்கோ தம்பிமார் ஹூலியோ, மார்செலோ ஆகியோருடன் 'வைரஸ்' குழுவில் பாடினார். 1981இல் முதல் இசைத்தட்டு வந்தது. எல்லாம் துள்ளவைக்கும் சின்னப் பாட்டுகள். நாடு இருக்கும் நிலையில் இதென்ன மேலோட்டமான கூத்து என்று றொக் ரசிகர்கள் பலர் முகஞ்சுளித்தார்கள்.

1982இல் மால்வினாஸ் தீவுகளுக்காகப் பிரிட்டனுடன் போர் மூண்டது. ஆட்சியாளர் வானொலியில் ஆங்கிலப் பாட்டை ஒதுக்கியதால் உள்ளூர் றொக்குக்குக் கதவு திறந்தது. மே 16ஆம் திகதி புவனஸ் அயர்சில் நடந்த பெரிய ஒருமைப்பாட்டு நிகழ்ச்சியில் முன்னணிக் கலைஞர்கள் பலர் மேடையேறினார்கள். வைரஸ் போக மறுத்தது. அண்ணனைக் கொண்டுபோனவர்களின் நிழலில் அவர்கள் பாடவில்லை. கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்குத் தெரியும், கைவிட்ட வாய்ப்பின் விலை எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

1983 இறுதியில் மக்களாட்சி திரும்பியது. 1984இல் மௌரா தயாரிப்பாளராக ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து, 'சோடா ஸ்டீரியோ' என்ற புதிய குழுவின் முதல் இசைத்தட்டை உருவாக்கினார். ஒரு பாட்டு எந்த ஒலியில் வெளியே போகவேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை அது. அந்த இளைஞர்கள் பிறகு லத்தீன் அமெரிக்கா முழுவதும் அரங்குகளை நிறைத்தார்கள். தன் குழுவுக்குப் போட்டியாக வரக்கூடியவர்களுக்கு அவரே வழிவிட்டார்.

1985இல் வந்த 'லொக்குரா' வைரஸுக்குப் பெரும் வெற்றி. 1987இல் றியோ டி ஜெனீரோவில் அடுத்த தொகுப்பைப் பதிவுசெய்த காலத்தில், தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அறிந்தார். 1988 டிசம்பர் 21ஆம் திகதி, 37 வயதில் காலமானார். தம்பி மார்செலோ பாடகராகி, குழுவை நடத்தினார்.

ஒரு மகனைத் தேடிய வீட்டிலிருந்தே அந்த நாட்டின் ஆட்டப் பாட்டுகள் வந்தன. அண்ணனை அவர்கள் மறக்கவில்லை. அடுத்த கல்யாணத்தில் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தால், நாமும் எழும்பி ஆடலாம்.