தாயுமான சுவாமிகள்

சைவ பாடசாலைகளிலே காலைப் பிரார்த்தனையில் தாயுமான சுவாமிகள் பாடல்களை ஓதுவித்து, மணியடித்ததும் இடாப்பை விரிக்கின்ற ஆசிரியருள், அவற்றைப் பாடியவரும் கணக்கேடு விரித்தவரே என்பதை நினைப்பார் சிலரே.

சுவாமிகளின் தந்தையார் கேடிலியப்ப பிள்ளை, திருமறைக்காட்டுத் திருக்கோயில் விசாரணையில் இருந்தவர். நாயக்க மன்னரால் திரிசிரபுரத்துக்கு அழைக்கப்பட்டு அரண்மனைச் சம்பிரதியானவர். மூத்த புதல்வரைத் தமையனார்க்குச் சுவீகாரங் கொடுத்தபின், மலைமேல் வீற்றிருக்கும் தாயுமானப் பெருமானை வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு அப்பெருமான் திருநாமத்தையே இட்டனர். தமிழும் வடமொழியும் கற்ற அப்பிள்ளை, தந்தையார் மறைந்தபின் அவருடைய உத்தியோகத்தையே ஏற்றார். அப்பொழுது அரசிருந்தவர் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732).

தலைநகரின் சந்தடியும், அரண்மனை வழக்கும், வரவு செலவு விவகாரங்களும் ஒருவர் சிந்தையை எவ்வாறு பலதிசையில் இழுக்கும் என்பதை, பாடவேளை மணிக்கும் கைத்தொலைபேசி ஓசைக்குமிடையே வாழும் நமக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்நிலையிலே மலைக்கோட்டைச் சாரமாமுனிவர் மடத்திலிருந்த மௌனகுருவைச் சுவாமிகள் கண்டார். திருமூலர் மரபில் வந்தவர் அக்குரவர். திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரிப்பது. அதன் ஐந்தாம் உறுப்பாகிய பிரத்தியாகாரமாவது புலன்களை விடயங்களினின்றும் மீட்டு அகத்தே திருப்புதல். அனைத்தையுந் துறந்து உடன்வரத் துணிந்த மாணாக்கரைக் குரவர் அழைத்துச் சென்றிலர். இல்லறத்திலே நின்று சும்மா இருக்குமாறு பணித்து அகன்றார். நமக்கு இச்சரித்திரத்தின் உயிர்நிலை இதுவே. ஓடி ஒளித்தற்குக் காடு கொடுக்கப்படவில்லை. பழைய கணக்கேடே கொடுக்கப்பட்டது.

ஒருநாள் அரசவையிலே முக்கியமானதொரு பத்திரத்தைச் சுவாமிகள் தம்மையறியாது கசக்கினாரென்றும், அந்நேரத்தே திருவானைக்காவில் அகிலாண்டேசுவரியின் ஆடையிற் பற்றிய தீயை அவர் அணைத்தமை பின்னர்த் தெரிந்ததென்றும் கர்ணபரம்பரை கூறும். சரித்திரமெழுதுவோர் பலர் இவ்வற்புதத்தோடு நின்றுவிடுவர். சுவாமிகளோ அற்புதங்களைப் பெரிதாக மதித்தவரல்லர். கொடிய விலங்குகளை வசப்படுத்தல், நீர்மேல் நடத்தல் முதலிய சித்திகளை ஒரு பாட்டிலே அடுக்கி, அவையெல்லாங் கூடும், சிந்தையை அடக்கிச் சும்மா இருத்தலே அரிது என்று முடிக்கின்றார். தம் மனம் நில்லாது அலைதலைச் சொல்லிச் சொல்லி அவர் வருந்தும் பாடல்கள் மிகப்பல. யோகம் எளிதிற் கைகூடியவர் பாடிய பாடல்களல்ல அவை; பிள்ளைகளுக்குப் பொருள் சொல்லும் ஆசிரியர் இதனை மறைத்தல் ஆகாது.

மன்னர் இறந்தபின் அரசி மீனாட்சி காலத்திலே சுவாமிகள் உத்தியோகத்தை விட்டு இராமநாதபுரப் பக்கஞ் சென்றார் என்ப. தமையனார் சிவசிதம்பரம் பிள்ளையின் விருப்பப்படி மட்டுவார்குழலி என்னும் அம்மையாரை மணந்து, கனகசபாபதி என்னும் புதல்வரையும் பெற்றார். அம்மையார் காலமானபின்னரே துறவு வாய்த்தது. மௌனகுரு மீண்டும் எழுந்தருளி அருள்செய்தனர் என்பர்.

சுவாமிகள் பாடியனவாக 56 தலைப்புக்களில் 1452 பாடல்கள் வழங்குகின்றன. பராபரக்கண்ணி மாத்திரம் 389 கண்ணிகளுடையது. அவருடைய சமாதி இராமநாதபுரத்திலே இலட்சுமிபுரத்தில் உள்ளது. குருபூசை தை மாதத்து விசாகத்திலே நடைபெறுகின்றது.