உப்புக்காக ஜெயில், தண்ணீருக்காக வாய்க்கால்! யார் இந்த கடலூர் அஞ்சலை அம்மாள்?

2024-ல் விக்கிரவாண்டியில் நடந்த த.வெ.க. மாநாட்டு கட்அவுட்டில் பார்த்துட்டு, யார் இவங்க என்று கேட்டவர்கள் பலர். சுருக்கமா பார்க்கலாம்.

1890-ல் கடலூர் முதுநகரில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் அஞ்சலை அம்மாள். படிப்பு ஐந்தாம் வகுப்பு வரைதான். 1927-ல் சென்னையில் நீல் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவோடு கலந்துக்கிட்டார். தாய், மகள் இருவருக்குமே சிறை. அந்தச் சிறுமியைத்தான் காந்தி பிறகு வார்தாவுக்கு அழைத்துப்போய் லீலாவதி என்று பெயர் வைத்தார்.

அடுத்து, 1930 உப்பு சத்தியாகிரகம். உப்பு இல்லாமல் ஏழையால் வாழ முடியாது. வெயிலில் உழைக்கிறவர் உடம்பிலிருந்து வியர்வையோடு உப்பும் போய்விடும், அதை ஈடு கட்டியே ஆகணும். அதுக்கும் வரி போட்டதுதான் கோபம். இந்தப் போராட்டத்திலும் அஞ்சலை அம்மாள் சிறை சென்றார்.

1932-ல் மறுபடியும் வேலூர் சிறை. அப்போது அவர் கர்ப்பிணி. பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். குழந்தை பிறந்து இரண்டே வாரத்தில் திரும்பவும் சிறைக்குள் போனார். மகனுக்கு வைத்த பெயர், ஜெயில் வீரன்.

கடலூர் வந்த காந்தி இவரைச் சந்திக்க ஆங்கிலேய அரசு தடை போட்டது. பர்தா அணிந்து குதிரை வண்டியில் வந்து காந்தியைப் பார்த்துட்டுத்தான் போனார். தென்னிந்தியாவின் ஜான்சி ராணி என்ற பட்டம் காந்தி கொடுத்ததுதான்.

1937-ல் சட்டமன்ற உறுப்பினரானார். சிதம்பரம் பக்கத்திலுள்ள தீர்த்தாம்பாளையம் குடிதண்ணீருக்குத் தவித்தபோது, வீராணம் தண்ணீர் ஊருக்கு வர கிளை வாய்க்கால் வெட்ட வைத்தார். மக்கள் அதை அஞ்சலை வாய்க்கால் என்கிறார்கள். 1961-ல் மறைந்தார்.

தண்ணீரும் உப்பும் இன்னிக்கும் பெண்கள் பிரச்சினைதான். கழிப்பறை இல்லாத இடத்தில் வேலை பார்க்கிறவங்க தண்ணீர் குடிக்கிறதையே குறைச்சுக்கிறாங்க. தினசரி தாகத்துக்குத் தண்ணீரோடு உப்பு போட்ட மோர், நீராகாரம் போதும். வாந்தி, பேதி என்றால் உலக சுகாதார நிறுவன அளவுப்படி தயாரான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணீரில் கரைச்சுக் குடிக்கணும். அந்த அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடவே கூடாது என 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டிருக்கு. அதனால் லேபிளைப் படிச்சுட்டு வாங்குங்க. கர்ப்பிணிகள், பிபி, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவங்க டாக்டரைக் கேட்காமல் எலக்ட்ரோலைட் பவுடர் எதையும் தினமும் குடிக்காதீங்க.