நூறாண்டு மாணவர் விசுவேசுவரய்யா

ஐதராபாத்து நகரிலே மென்பொருள் தொழிலை நாடிவரும் தமிழ் மாணவர் பலர். கற்ற கணினி மொழி சில ஆண்டுகளிலேயே பழையதாகிவிடுமே, பட்டம் கைக்கு வருமுன் பாடம் காலங்கடந்து போகுமே என்னும் கவலை நம் விடுதிகளில் நள்ளிரவிலும் பேசப்படுவது. இக்கவலை புதியதன்று. நூறாண்டுகளுக்கு முன்னர் இந்நகருக்கு வந்து தொண்டாற்றிய ஒரு பொறியியலாரும் இதனை அறிந்தவரே. அவர்தாம் மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யா.

மைசூர் நாட்டில், சிக்கபள்ளாபுரத்தை அடுத்த முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் 1860 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வடமொழிப் புலவர், செல்வர் அல்லர். இளமையிலேயே தந்தையை இழந்த விசுவேசுவரய்யா, பெங்களூரில் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிக் கொடுத்துத் தாமும் படித்தார். 1881 இல் பி.ஏ. பட்டம், பின்னர்ப் புனா நகரில் பொறியியல் கல்வி. 1884 இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர் பதவி கிடைத்தது. அரசாங்க உத்தியோகம், தவறாத சம்பளம், பின்னே ஓய்வூதியம்! கற்றது போதும் என்று ஒருவன் கால்நீட்டி அமர்வதற்கு அதனினும் ஏற்ற இடம் வேறுண்டோ? அவர் அமரவில்லை.

சிந்து நாட்டிலே சக்கர் என்னும் ஊர், சிந்து நதியின் கரையிலேயே இருந்தும் தெளிந்த குடிநீர் இன்றித் தவித்தது. நதிநீர் கலங்கல், வடிகட்டும் பெருந்தொட்டிகள் கட்டவோ ஊராட்சியிடம் பொருளில்லை. ஆற்றுப் படுகையிலேயே கிணறு தோண்டி, மணலையே வடிகட்டியாக்கிவிட்டார் இவர். இது 1890களின் நடுவில் நடந்தது. புத்தகத்தில் கண்டபடியே செய்பவராக இருந்திருந்தால், பணமில்லை என்று எழுதிவிட்டுக் கோப்பை மூடியிருப்பார்.

1898 இல் ஜப்பானுக்குக் கப்பலேறினார். அந்நாடு முப்பதே ஆண்டுகளில் எவ்வாறு நிமிர்ந்தது என்பதை அதன் பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் நேரிற் கண்டறிவதே நோக்கம். (ஐதராபாத்தின் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பெற்றது 1998 இல், சரியாக நூறாண்டுக்குப் பின்!) 1903 இல் புனாவை அடுத்த கடக்வாசலா ஏரியில் தாமே வகுத்த தானியங்கு மதகுகளைப் பொருத்தினார். வெள்ளம் ஓர் அளவைக் கடந்தால் மதகு தானே திறக்கும்; தணிந்தால் தானே மூடும். அணையை உயர்த்தாமலே கூடுதல் நீரைத் தேக்க வழி பிறந்தது.

இத்தனை செய்தும் பம்பாய் மாகாணத்தில் தலைமைப் பொறியாளர் நாற்காலி இந்தியருக்கு எட்டாக் கனி. 1908 இல் தாமாகவே பணியினின்று விலகினார். விலகியவர் ஓய்வெடுக்க ஊர் திரும்பினாரா? இல்லை; அணைகளையும் குடிநீர்த் திட்டங்களையும் கழிவுநீர்க் கால்வாய்களையும் காண ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார்.

அவ்வேளையில்தான் ஐதராபாத்தில் பேரிடி விழுந்தது. 1908 செப்டம்பர் 28 ஆம் நாள் மூசியாறு பொங்கி நகருக்குள் புகுந்தது. மாண்டோர் ஏறத்தாழப் பதினையாயிரவர் என்பர். அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தின்மேல் ஏறி 150 பேர் உயிர் பிழைத்தனர். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் அம்மரத்தை இன்றும் காட்டுவர். நிஜாம் அரசாங்கம் விசுவேசுவரய்யாவை அழைத்தது. அழைத்தவுடன் ஓடிவரவில்லை அவர். மேற்கொண்ட கல்விப் பயணத்தை அமெரிக்கா வரை சென்று முடித்த பின்னரே, 1909 ஏப்ரலில் ஐதராபாத்தில் பொறுப்பேற்றார். இதனைச் செருக்கென்று கருதுவாரும் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கண்டுவந்த புதுமைகளைப் பயன்படுத்தும் களமாகத்தானே இந்நகர் அமைந்தது!

வந்தவர் கரையை உயர்த்துக என்று ஆணையிடவில்லை. முதலில் அளந்தார். பெய்த மழை எவ்வளவு, ஓடிய நீர் எவ்வளவு என்று கணக்கிட்டார். நகருக்கு மேலே ஆற்றின் நீர்ப்பிடிப்பில் இருந்த ஏரிகள் 788. அவற்றுள் 221 உடைந்திருந்தன. ஓர் ஏரி உடைய, அதன் நீர் அடுத்த ஏரியை உடைக்க, எல்லாம் திரண்டு நகரின்மேல் பாய்ந்திருக்கிறது. நோய் நகரிலே தெரிந்தாலும் அதன் வேர் மேலே இருந்தது. ஆகவே மூசியிலும் அதன் துணையாறான ஈசியிலும் நகருக்கு மேலே இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டி, வெள்ளத்தைத் தடுத்து அளவோடு விடவேண்டும் என்று திட்டம் வகுத்தார். அரையாண்டில் அறிக்கையை முடித்துக் கொடுத்துவிட்டு மைசூருக்குத் தலைமைப் பொறியாளராகச் சென்றார். அவர் திட்டப்படி உஸ்மான் சாகர் 1920 இலும், ஹிமாயத் சாகர் 1927 இலும் நிறைவுற்றன. கண்டிப்பேட்டை என்று நாம் விடுமுறை நாட்களில் சென்றுவரும் ஏரி அந்த உஸ்மான் சாகரே. கச்சிபௌலியின் கண்ணாடி மாளிகைகளுக்கு அப்பால் அது இன்றும் நிற்கிறது.

மைசூரில் அவர் கட்டத் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகரத்தைப் பற்றித் தஞ்சை மாணவரிடம் பேசினால் வேறு வழக்கு எழும்; அதனை இங்கே எடுக்க வேண்டா. 1912 முதல் 1918 வரை மைசூர்த் திவான். 1916 இல் மைசூர்ப் பல்கலைக்கழகம். இவை யாவரும் அறிந்தவை.

நான் வியப்பது அதன் பின்னரே. நீரையும் கல்லையும் மட்டும் பயின்றவர், அறுபது கடந்த வயதில், 1923 இல், நட்டத்தில் தள்ளாடிய பத்ராவதி இரும்பாலையின் தலைமையை ஏற்றார். உலையும் கரியும் அவருக்குப் புதுப் பாடம். ஆறாண்டுகள் இருந்து ஆலையை நிமிர்த்தினார். ஐதராபாத்தும் அவரை மறக்கவில்லை. கழிவுநீர்த் திட்டத்திற்காக 1922 இல் மீண்டும் அழைத்தது. 1935 இல் மோட்டார் வண்டித் தொழிலை இந்தியாவில் தொடங்கும் எண்ணத்தோடு மேனாட்டு ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். 1946 இல், எண்பத்தைந்து வயதில், இந்தியத் தொழிலதிபர் குழுவொன்றிற்குத் தலைமை தாங்கி மீண்டும் கடல் கடந்தார். தொண்ணூறைத் தாண்டிய பிறகும் பீகாரில் மொகாமா அருகே கங்கைப் பாலத்திற்கு இடம் தேர்ந்து சொல்லும் பொறுப்பு அவரைத் தேடி வந்தது, மறுக்கவில்லை.

1955 இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 1962 ஏப்ரல் 14 ஆம் நாள் நூற்றோராம் வயதில் மறைந்தார். மொகாமாப் பாலம் திறக்கப்பெற்று அப்போது மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.