பாப்பான் 74-ஆம் எண் வீட்டு நர்ஸ்: சிபில் கார்த்திகேசு

ஈப்போ ஃபேர் பார்க் பகுதியில் ஜாலான் சிபில் கார்த்திகேசு என்று ஒரு சாலை இருக்கிறது. அந்தப் பெயர்ப்பலகையைப் பார்ப்பவர்களில் பலர், யாரோ ஒரு யாழ்ப்பாணத்து அம்மா என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கார்த்திகேசு என்பது நம் பெயர்தான். ஆனால் அந்தப் பெயரைச் சுமந்த பெண் பிறப்பால் தமிழர் அல்லர். தமிழரை மணந்து, சீனர்களோடு வாழ்ந்து, மலாயா மண்ணுக்காக ஜப்பானியரிடம் அடிபட்டு உருக்குலைந்த யுரேஷியப் பெண் அவர்.

ஜப்பான்காரன் காலம் என்றால் நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சயாம் மரண ரயில்தான். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு தின்றதும், லயத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போன ஆண்கள் திரும்பி வராததும் பாட்டி தாத்தா சொல்லிக் கேட்ட கதைகள். அதே ஆண்டுகளில், அதே பேராக் மாநிலத்தில் நடந்ததுதான் இதுவும்.

சிபில் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தார். தந்தை ஜோசப் டேலி, ஐரிஷ் வழிவந்த யுரேஷியர். தாயார் பிரெஞ்சு வழி யுரேஷியர், மருத்துவச்சி. குடும்பத்தில் ஒரே பெண் பிள்ளை. தாயின் தொழிலையே மகளும் எடுத்துக்கொண்டார். நர்ஸாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். கண்டனீஸ் மொழியைச் சீனர்களே வியக்கும் அளவுக்குப் பேசுவார்.

அவர் மணக்க விரும்பியவர் தைப்பிங்கில் பிறந்த டாக்டர் ஆறுமுகம் கணபதிப் பிள்ளை. பெண் கத்தோலிக்கர், மாப்பிள்ளை இந்து. சிபிலின் தந்தை முதலில் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளை கத்தோலிக்க சமயத்தைத் தழுவி, அப்டன் கிளமென்ட் கார்த்திகேசு ஆனார். 1919 ஜனவரி 7-ஆம் தேதி கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான் தேவாலயத்தில் திருமணம் நடந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஆண் குழந்தை பிறந்தது. முதல் உலகப் போரில் கலிப்போலியில் மாண்ட தன் அண்ணன் மைக்கேலின் பெயரையே குழந்தைக்கு வைத்தார் சிபில். குழந்தை 19 மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. ஊரார் வீட்டுப் பிரசவமெல்லாம் பார்க்கும் பெண்ணுக்குத் தன் முதல் பிள்ளை தங்கவில்லை. அந்தத் துக்கத்தோடு வில்லியம் என்ற ஆண் குழந்தையைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். பிறகு 1921-இல் ஓல்கா பிறந்தார். 15 ஆண்டுகள் கழித்து, 1936-இல், கடைக்குட்டி டோன்.

1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலை 141-ஆம் எண் கட்டடத்தில் டாக்டரின் கிளினிக் நடந்தது. இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாதான் அது. கணவர் மருத்துவம் பார்க்க, மனைவி பிரசவம் பார்க்க, வசதியான வாழ்க்கை. போர் வராமல் இருந்திருந்தால் ஈப்போவின் பழைய குடும்பங்கள் நன்றியோடு நினைக்கும் ஒரு மருத்துவச்சியாக மட்டுமே அவர் இருந்திருப்பார்.

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஈப்போவின்மீது குண்டு வீசின. குடும்பம் பாப்பானுக்கு இடம்பெயர்ந்தது. ஈப்போவிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில், ஈயம் எடுத்து வளர்ந்த சின்ன ஊர். ஒரே ஒரு கடைத்தெரு. பின்னால் காய்கறித் தோட்டங்கள், அதற்கும் பின்னால் குன்றும் காடும். மெயின் ஸ்திரீட் 74-ஆம் எண் கடைவீட்டில் மருந்தகம் திறந்தார்கள். டாக்டர் பின்னர் ஈப்போ கிளினிக்கைப் பார்க்கப் போய்விட, பாப்பானை நடத்தியவர் சிபில்.

முன்வாசலில் ஊர்மக்கள் வந்தார்கள். இருட்டிய பிறகு பின்வாசலில் வேறு ஆட்கள் வந்தார்கள். காட்டில் இருந்துகொண்டு ஜப்பானியரை எதிர்த்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையின் கெரில்லாக்கள். துப்பாக்கிக் குண்டு பாய்ந்தவர்கள், மலேரியாவில் நடுங்கியவர்கள், புண் புரையோடியவர்கள். சிபில் கட்டுப் போட்டார், மருந்து கொடுத்தார். அறுவை தேவைப்பட்டால் கணவர் வந்து செய்தார். பிடிபட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

இதோடு நிறுத்தவில்லை. வானொலி கேட்பதே பெருங்குற்றமாக இருந்த நேரத்தில், படிக்கட்டுக்குக் கீழே சிற்றலை வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்திருந்தார். அதற்கு ஜோசஃபின் என்று செல்லப் பெயர். இரவில் பிபிசி செய்தி கேட்டு, நம்பகமானவர்களுக்குச் சொல்லி அனுப்புவார். ஜப்பான் தோற்கத் தொடங்கிவிட்டது என்ற செய்தி அந்தக் காலத்தில் அரிசியைப் போலத்தான். அதுவும் இல்லாமல் மக்கள் தளர்ந்துவிடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

சிபிலுக்கு அரசியல் எதுவும் கிடையாது. காட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகள், கடவுளை நம்பாதவர்கள். இவரோ செபமாலை இல்லாமல் நாளைத் தொடங்காத பெண். ஆனால் அடிபட்டு வாசலுக்கு வந்தவனிடம் உன் கொள்கை என்ன என்று கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. கிறிஸ்தவம் என்றால் அவருக்கு அதுதான். பின்னாளில் அவரைக் கம்யூனிஸ்டு ஆதரவாளர் என்று முத்திரை குத்தப் பார்த்தவர்கள் இந்த எளிய விஷயத்தைக் கவனிக்கவில்லை.

1943-இல் யாரோ தகவல் கொடுத்துவிட்டார்கள். முதலில் டாக்டரைப் பிடித்தார்கள். அடுத்து தன் முறை என்று சிபிலுக்குத் தெரிந்துவிட்டது. காட்டுக்குள் வந்துவிடுமாறு கெரில்லாக்கள் அழைத்தார்கள். போயிருந்தால் தப்பியிருக்கலாம். ஆனால் கோபத்தைக் கணவர்மீதும் பிள்ளைகள்மீதும் பாப்பான் மக்கள்மீதும் காட்டுவார்கள் என்று மறுத்துவிட்டார். ஆகஸ்டில் கெம்பெத்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீஸ் அவரைக் கொண்டுபோனது. மகன் வில்லியமும் சிறைப்பட்டார்.

விசாரித்தவன் யோஷிமுரா என்ற சார்ஜன்ட். அவனுக்கு வேண்டியது பெயர்கள். காட்டில் யார் யார், பாப்பானில் யார் உதவினார்கள், செய்தியை யார் எடுத்துப் போனார்கள். பிரம்படி, வயிறு உப்பும்வரை தண்ணீரை ஊற்றி மிதிப்பது, நகங்களைப் பிடுங்குவது என்று நாள் கணக்கில் நடந்தது. தாடையில் பூட்ஸ் காலால் உதைத்தார்கள். முதுகெலும்பில் விழுந்த அடிகளால் நடக்கும் சக்தியே போய்விட்டது. நாற்பதைத் தாண்டிய, மூன்று பிள்ளைகளின் தாய் அவர். ஒரு பெயரும் வரவில்லை.

பிறகுதான் டோனைக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 7 வயதுச் சிறுமி. தாயின் கண்ணெதிரே மரத்தில் கயிறு கட்டிக் குழந்தையைத் தொங்கவிட்டார்கள். கீழே கரி அடுப்பு மூட்டினார்கள். பெயர்களைச் சொல், இல்லையென்றால் கயிறு இறங்கும் என்றார்கள்.

தன் உடம்பை அடிக்க விட்டுவிடலாம். பிள்ளையை? இந்த இடத்தில் சிபிலைக் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். என்ன தாய் இவள் என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் அவர் நாக்கில் இருந்தவை வெறும் பெயர்கள் அல்ல. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வீடு, அந்த வீட்டிலும் டோனைப் போலப் பிள்ளைகள். அவர் பிரசவம் பார்த்துக் கையில் ஏந்திய குழந்தைகளும் அவற்றில் இருந்திருக்கலாம். சொல்லியிருந்தால் பாப்பான் மீந்திருக்காது.

மேலே தொங்கிய குழந்தை அம்மாவிடம், சொல்லாதே, தைரியமாக இரு, நாம் சேர்ந்தே சாவோம், இயேசு நமக்காகக் காத்திருப்பார் என்ற பொருளில் பேசியதாக சிபில் பின்னர் எழுதினார். வீட்டில் தினமும் கேட்ட செபத்திலிருந்து குழந்தை எடுத்துக்கொண்டது அது. அதுவரை தாய் பிள்ளையைத் தாங்கினார். அந்தச் சில நிமிடங்கள் பிள்ளைதான் தாயைத் தாங்கியது. கடைசியில் டோனை உயிரோடு இறக்கினார்கள். சிபிலின் வாய் திறக்கவில்லை.

கத்தோலிக்கர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தவிர்க்க முடியாத துன்பம் வந்தால் அதைக் கடவுளிடம் ஒப்புக்கொடுத்துவிடுவார்கள். வலி போய்விடும் என்பதல்ல. சிலுவையில் தொங்கியவர் பட்டதோடு நம் வலியையும் சேர்த்துவிட்டால், அது வீண்போகாது என்ற நம்பிக்கை. நம் வீட்டுப் பெரியவர்கள் பாரத்தை அவன்மேல் போட்டுவிட்டேன் என்று சொல்வார்களே, அதற்கு நெருக்கமானது. சிபில் வாழ்நாள் முழுவதும் செய்துவந்த பழக்கம் சிறைக் கொட்டடியில் கை கொடுத்தது. அவர் அஞ்சாதவர் என்று சொல்ல மாட்டேன். வலியில் அலறினார், நினைவிழந்தார், செத்துப்போனால் போதும் என்ற நிலைக்கும் வந்திருப்பார். ஆனால் முடிவை முன்பே எடுத்துவிட்டார். சொல்வதா வேண்டாமா என்ற போராட்டம் உள்ளே நடக்காததால், வெளியே எதைச் செய்தாலும் அந்த ஓர் இடத்தை யோஷிமுராவால் தொட முடியவில்லை.

வழக்கு என்று ஒன்றையும் நடத்தினார்கள். எதிரிக்கு உளவு பார்த்தது, கெரில்லாக்களுக்கு மருத்துவம் செய்தது, வானொலி வைத்துச் செய்தி பரப்பியது என மூன்று குற்றச்சாட்டுகள். சிபிலுக்கு ஆயுள் தண்டனை, கணவருக்கு 15 ஆண்டுகள். பத்து காஜா சிறையில் அடைத்தார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் போற்றும் லிம் போ செங் 1944 ஜூன் மாதம் இறந்ததும் இதே சிறையில்தான். அங்கே நோயும் பசியும் போதும், தனியாகக் கொல்லத் தேவையில்லை.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. சிறையிலிருந்து வெளியே வந்த சிபிலால் எழுந்து நடக்க முடியவில்லை. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். யோஷிமுரா போர்க்குற்ற நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்றான்.

பிரிட்டனில் மருத்துவமனைகளுக்கு நடுவே, தன் அனுபவத்தை ஒரு நூலாகச் சொல்லி முடித்தார். 1947-இல் மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலத்தின் வீர விருதான ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. மலாயாப் பெண்களில் அதைப் பெற்றவர் அவர் ஒருவரே. ஆனால் உடம்பு தேறவில்லை. உதைபட்ட தாடைப் புண் உள்ளுக்குள் புரையோடி, இரத்தத்தில் நஞ்சு ஏறியது. 1948 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் லனார்க்கில் உயிர் பிரிந்தது. வயது 48.

அதே ஜூன் 16-ஆம் தேதிதான் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டு, நாட்டில் அவசரகாலம் பிறந்தது. நேற்றுவரை ஜப்பானியரை எதிர்த்த வீரர்கள் என்றிருந்தவர்கள் இன்று அரசின் எதிரிகள். அவர்களுக்குக் கட்டுப் போட்ட பெண்ணைப் பற்றி உரக்கப் பேச ஆளில்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். பதக்கம் பெற்ற பெண்ணின் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. நூல்கூட அவர் இறந்து 6 ஆண்டுகள் கழித்து, 1954-இல்தான் வெளிவந்தது. ஒரு துளி இரக்கமும் இல்லை என்று பொருள் தரும் தலைப்பு அதற்கு. தலைப்பில் கசப்பு இருந்தாலும், பழி வாங்கத் துடிக்கும் நூல் அல்ல அது. ஈப்போ, பத்து காஜா வட்டாரத்து இளையோர் தேடிப் படிக்க வேண்டிய நூல்.

மக்கள் மறந்துவிடவில்லை என்பது 1949-இல் தெரிந்தது. ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்த உடலை எடுத்து ஈப்போவுக்குக் கொண்டுவந்தார்கள். சீனர், தமிழர், மலாய்க்காரர், யுரேஷியர் என்று எல்லா இனத்தவரும் பெருந்திரளாகக் கூடிவிட்டார்கள். செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை அடுத்த கத்தோலிக்க இடுகாட்டில், தான் மருத்துவம் பார்த்த புரூஸ்டர் சாலையிலேயே, சிபில் அடக்கம் செய்யப்பட்டார். டாக்டர் கார்த்திகேசு 1972 வரை வாழ்ந்தார்.

பாப்பானில் 74-ஆம் எண் கடைவீடு இன்னும் நிற்கிறது. பாரம்பரிய ஆர்வலர்கள் அதை நினைவகமாக மாற்றியிருக்கிறார்கள். ஈப்போவிலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. போகிறவர்கள் முன்கூடத்தோடு திரும்பிவிடாமல் பின்பக்கத்தையும் பாருங்கள். இருட்டிய பிறகு காட்டிலிருந்து ஆட்கள் வந்த பக்கம் அது.